அண்ணி அலமாரி

ஜூன் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கடையில் நாள் முழுக்க நிற்காதே, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார் என்று போன தடவையே சொன்னேன். நாற்பது வயதிலும் உன்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அது இடுப்புக்குத் தெரியுமா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த நீரேற்று நிலையக் குடியிருப்பில், தண்ணீர்த் தொட்டியின் படியில் பாதி ஏறி நின்றால்தான் போன் எடுக்கும். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்கிற விஷயமில்லை இது.

பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டேன். ஒன்றாம் வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்கு ஒரே டீச்சர். கத்திக் கத்தி அவருக்கே தொண்டை போய்விட்டது. இனி வீட்டில் நானே சொல்லிக்கொடுக்கப் போகிறேன். சின்னவனும் கூட உட்காரட்டும். கல்வி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. பிப்ரவரியில் ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து பெரியவளைப் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். அவருக்குத் திருப்தி இல்லையென்றால், அடுத்த ஜூனில் அவள் மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும். அதே ஜூனில்தான் சின்னவனும் ஒன்றாம் வகுப்பில் சேருகிறான். அக்காவும் தம்பியும் ஒரே பெஞ்சில்.

அதனால் நீ வேலை பார்க்கிற பள்ளிப் பொருள் கடையில் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து அனுப்பு. எழுத்துக்கும் வேண்டும், எண்ணுக்கும் வேண்டும். சொந்தக்காரிதானே என்று ஏனோதானோவென எடுத்துப் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
அண்ணி


ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

இடுப்பு இருக்கிறது, வலியும் இருக்கிறது, ஸ்டூல்தான் இல்லை. இருந்த ஒன்றையும் முதலாளி எடுத்துக்கொண்டார். ஜூன் மாதத்தில் என்னைப் போன்ற கடைக்காரியிடம் நலம் விசாரிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். மற்றவர்கள் எல்லோரும் அட்டை இருக்கிறதா, லேபிள் இருக்கிறதா என்றுதான் விசாரிக்கிறார்கள். அண்ணன் சுகம்தானே?

நல்ல காரியம் செய்தீர்கள். படம் போட்ட எழுத்து அட்டைகள், எண்ணிப் பழக ஒரு மணிச்சட்டம், இரண்டு சிலேட்டு அனுப்பியிருக்கிறேன். இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. இந்தக் கடையில் நின்று நின்றே எனக்கு இடுப்பு போயிற்று, இதுகூடத் தெரியாதா? பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். திங்கட்கிழமையிலிருந்து என்று தள்ளிப் போடாதீர்கள்.

பிடிக்கவில்லையென்றால் ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்பலாம். கறையோ கிறுக்கலோ இருக்கக்கூடாது. இப்படியொரு வசதி இருக்கிறது என்று எல்லோருக்கும்தான் சொல்கிறோம், யாரும் பயன்படுத்துவதில்லை.

பெரியவளுக்கு என் முத்தம். என்னைக் கண்டதும் ஓடிவந்து கைப்பையைத் துழாவுவாளே, இன்னும் அப்படித்தானா?

அன்புடன்,
பாப்பா


ஜூலை 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்குத்தான் லேசாக இருமல்.

பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அட்டைகள் பளபளவென்று இருக்கின்றன. ஜன்னல் வெளிச்சம் பட்டால் எழுத்தே தெரிவதில்லை. ‘ஔ’வுக்கு ஔடதம் என்று ஒரு பாட்டில் படம் போட்டிருக்கிறார்கள். சின்னவன் ஒவ்வொரு தடவையும் அதை எண்ணெய் என்கிறான். “மருந்துடா” என்றேன். “அப்ப ‘ம’ போட வேண்டியதுதானே?” என்று கேட்கிறான். அவன் கேட்பதில் என்ன தப்பு? ‘ஃ’க்கு எஃகு. எஃகை எப்படி வரைவது என்று தெரியாமல் ஒரு கம்பியை வரைந்து வைத்திருக்கிறார்கள். அவன் ‘க’ என்கிறான். மணிச்சட்டத்தைத் தரையில் வண்டியாக ஓட்டினான். துடைத்துவிட்டேன், கறை ஒன்றும் இல்லை.

இப்போதெல்லாம் தொட்டுப் பார்த்துப் படிக்கிற எழுத்து வந்திருக்கிறதாம். எதிர் வீட்டு மெக்கானிக்கின் மனைவி சொன்னாள். அது இருக்கும்போது நீ ஏன் இதை அனுப்பினாய்?

இப்படிக்கு,
அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அண்ணனை வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள். சொன்னால் கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டது உப்புத்தாள் எழுத்துகள். மரப்பலகையில் உப்புத்தாளை எழுத்து வடிவத்தில் வெட்டி ஒட்டியிருக்கும். பிள்ளை விரலால் தடவிப் பார்த்து எழுத்தின் வளைவைப் பழக வேண்டும். கனமான பெட்டி, பார்சல் கட்டுகிற அம்மா என்னைத் திட்டிக்கொண்டேதான் கட்டினார். எதிர் வீட்டு மெக்கானிக்கின் மனைவிக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த முறை அவரையே நேராகக் கடைக்கு எழுதச் சொன்னால் எனக்கு வேலை மிச்சம்.

பெரியவள் எதுவரை வந்திருக்கிறாள் என்று எழுதவே இல்லையே? போன கடிதத்திலும் ஒன்று கேட்டிருந்தேன்.

அன்புடன்,
பாப்பா


ஆகஸ்ட் 23

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உன் அண்ணனின் இருமல் போய்விட்டது. அந்த நிம்மதியைத்தான் உப்புத்தாள் கெடுத்துவிட்டது.

சின்னவன் ‘ழ’வால் முதுகு சொறிகிறான். ‘ள’ அவ்வளவு சுகமாக இல்லையாம். பூட்டில் துரு ஏறியிருக்கிறது என்று ‘ட’வை எடுத்துக்கொண்டு போன உன் அண்ணனைப் பாதி வழியில் நிறுத்தினேன். இதெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்கிற பொருளா? தடவித் தடவிச் சின்னவன் எல்லா எழுத்தையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்கிறான், அது வேறு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு படிப்பதற்கா நான் பாடுபடுகிறேன்?

படிப்படியாகப் போகிற பயிற்சிப் புத்தக வரிசை ஒன்று இருக்கிறதாமே, அம்மாக்களுக்குத் தனியாக வழிகாட்டியோடு? அதை அனுப்பு. பேசும் பேனா என்று ஒன்றும் வந்திருக்கிறதாம், எழுத்தில் வைத்தால் அதுவே வாசிக்குமாம். அதையும் பார்த்துவிடலாம். சரியான பொருள் கிடைத்துவிட்டால் மற்றது தானாக வரும்.

இப்படிக்கு,
அண்ணி


ஆகஸ்ட் 25

பாப்பா,

நலமா? உன் அண்ணிக்குத் தெரியாமல் இந்தச் சீட்டைத் திரும்பி வருகிற உப்புத்தாள் பெட்டிக்குள் வைக்கிறேன். பார்சல் வண்டி ஓட்டுகிறவர் என்னை ரோட்டில் நிறுத்தி, “சார், வீட்ல கடை போட்டிருக்கீங்களா?” என்று கேட்கிறார். இவளிடம் சொன்னால், “உங்களுக்கு மோட்டாரைப் பத்தி மட்டும்தான் தெரியும், பேசாம இருங்க” என்கிறாள். பேசாமல்தான் இருக்கிறேன். ஆனால் மூன்று மாதமாக இந்த வீட்டில் பெட்டியைப் பிரிப்பதும் கட்டுவதும்தான் நடக்கிறது. நீயாவது கேள். என்னால் முடியவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலத்தை மூன்றாம் பத்தியில் கேட்கிறேன், முதலில் என் மண்டை காய்வதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் திருப்பி அனுப்பியவற்றை வைக்கவென்றே கடையில் ஒரு தட்டு ஒதுக்கியாயிற்று. பார்சல் கட்டுகிற அம்மா அதற்கு ‘அண்ணி அலமாரி’ என்று பெயர் வைத்துவிட்டார். முதலாளியிடமும் அப்படியே சொல்கிறார். “அந்த மணிச்சட்டம் எங்கேம்மா?” “அண்ணி அலமாரில இருக்கு சார்.” வாடிக்கையாளர் ஒருவர் அது ஏதோ புது கம்பெனி என்று நினைத்து, அந்தத் தட்டிலிருந்தே வேண்டுமென்று கேட்டு வாங்கிப் போனார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பயிற்சிப் புத்தகங்களும் பேசும் பேனாவும் இத்துடன் வருகின்றன. இதுதான் கடைசி. இப்போது உங்கள் நலம். உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் படித்தேன். சின்னவன் பேசுகிறான், சொறிகிறான், வண்டி ஓட்டுகிறான், குறுக்குக் கேள்வி கேட்கிறான். பெரியவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஜூனில் அவளை நிறுத்திவிட்டேன் என்று எழுதினீர்கள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்றே உங்கள் கடிதங்களிலிருந்து தெரியவில்லை. அவளுக்குத்தானே அண்ணி இத்தனையும்? அவளுக்கு அட்டை பிடித்ததா? உப்புத்தாள் பிடித்ததா? அவள் என்னதான் சொல்கிறாள்?

பாப்பா


செப்டம்பர் 30

பாப்பாவுக்கு,

எல்லோரும் நலம். பெரியவளும் நலம். அவளுக்கு என்ன?

பயிற்சிப் புத்தகம் சரிப்படவில்லை. கிறுக்கக்கூடாது என்பதால் சின்னவனை விரலால் காட்டச் சொன்னேன். மூன்று புத்தகத்தையும் ஒரே மூச்சில் காட்டி முடித்துவிட்டான். அவ்வளவு சுலபமாக இருந்தால் அதில் என்ன படிப்பு? ‘குழந்தை ஆர்வத்துடன் ஓடி வந்து அடுத்த பாடத்தைக் கேட்கும்’ என்று வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. எழுதியவருக்குக் குழந்தை உண்டா என்று விசாரித்துச் சொல். பேனாவுக்குள் இருக்கிற பெண் ரொம்ப அலட்டிக்கொள்கிறாள்.

இரண்டையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அலமாரியில் வைத்துக்கொள். ஊர் சிரிக்கட்டும்.

அண்ணி


நவம்பர் 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இடுப்பு மோசமாகிவிட்டதோ என்று பயந்து போய்த் தொட்டிப் படியில் ஏறிக் கடைக்குப் போன் செய்தேன். உன் முதலாளி எடுத்தார். நான் யாரென்று சொன்னதும், “அலமாரி அண்ணியா?” என்றார். வைத்துவிட்டேன். அவர் கேட்ட விதத்திலேயே நீ நன்றாகத்தான் இருக்கிறாய், என் மேல் கோபம்தான் என்று புரிந்தது.

நேற்று மோட்டார் அறைக் கதவில் இருக்கிற பலகையைச் சின்னவன் படித்தான். ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது.’ தடங்கலே இல்லாமல் படித்தான். உன் அண்ணன் அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு குதித்தார். பெரியவள் பக்கத்தில்தான் நின்றாள். பலகையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பாப்பா, நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். டீச்சரின் தொண்டைக்காக நான் அவளை நிறுத்தவில்லை. மார்ச்சில் என்னைக் கூப்பிட்டு, “இவளுக்கு ஏறாதும்மா. இன்னொரு வருஷம் இதே க்ளாஸ்ல இருக்கட்டும்” என்றார். மற்ற அம்மாக்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். உன்னிடம் எப்படிச் சொல்வது? எட்டு வயதிலேயே வீட்டுக் கணக்கெல்லாம் நீதான் போடுவாய் என்று உன் அண்ணன் பெருமை பேசுகிற வீடு. அதில் நான் பெற்ற பெண்ணுக்கு ஏறாது என்று நாத்தனாரிடமே எழுதுவதா?

அதனால் ஒவ்வொரு பெட்டியையும் முதலில் சின்னவனுக்குப் போட்டுப் பார்த்தேன். நல்லதென்று உறுதியான பிறகு அவளுக்குக் கொடுக்கலாம் என்றிருந்தேன். கொடுத்து, அதுவும் அவளுக்கு வராமல் போனால் அப்புறம் நான் என்ன செய்வேன்? புத்தகம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிற வரைக்கும் என் பெண் சரியாக இருக்கிறாள். அப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது. அவளைச் சின்னவன் முந்திவிடக்கூடாது என்றுதான் பள்ளிக்கூடத்தையே விட்டேன், என் கையாலேயே அவனை முந்த வைத்துவிட்டேன். பிப்ரவரி வருகிறது. அவள் ஒரு பக்கம்கூட இன்னும் திறக்கவில்லை.

திட்டியாவது ஒரு கடிதம் போடு.

அண்ணி


நவம்பர் 26

அன்புள்ள அண்ணிக்கு,

இடுப்பு நலம். முதலாளி சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அவரையும் கேட்க வைத்தேன்.

திட்டத்தான் உட்கார்ந்தேன். நான்கு காகிதம் கிழித்தேன். நான் பேசாமல் இருந்தால் நீங்களே பெரியவளுக்குப் பாடத்தை ஆரம்பித்துவிடுவீர்கள் என்று நினைத்துத்தான் எழுதவில்லை. நீங்கள் இப்படித் தனியாகக் கிடந்து வேகிறீர்கள் என்று தெரிந்திருந்தால் முதல் பஸ்ஸில் வந்திருப்பேன். கணக்குப் போட்ட கெட்டிக்காரி ஐந்தாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தாள் என்பதை அண்ணன் உங்களிடம் சொல்லவில்லையா? பெருமை பேசுகிறவர்கள் பாதியைத்தான் பேசுவார்கள்.

வால்வு வாங்க அண்ணன் அடுத்த மாதம் இங்கே வருகிறார் இல்லையா? பெரியவளைக் கூட அனுப்பி வையுங்கள். அவளை மட்டும். நானும் நீங்களும் எதிர் வீட்டம்மாவும் தேர்ந்தெடுத்தது போதும், அவளே எடுக்கட்டும்.

பாப்பா


டிசம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் பெண்ணும் நலமாக வந்து சேர்ந்திருப்பாள். இங்கே வந்ததும் என் கைப்பையைத் துழாவினாள், அது மாறவில்லை.

அண்ணனிடம் கேட்டால் “புக்கு வாங்கினா” என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார், அதனால் நான் எழுதுகிறேன். கடைக்குள் விட்டு, “எது வேணுமோ எடு” என்று சொன்னேன். முன்பக்கத்து மினுமினுப்பையெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். உப்புத்தாள் பலகையைத் தொடவே இல்லை, “இது தம்பிது” என்றாள். அப்புறம் கீழ்த்தட்டில் குனிந்து, கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிற கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். அவளுடைய பழைய பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்புப் பாடநூல். மங்கலான தாள், அழுக்குப் பச்சை அட்டை. அதைத்தான் நீங்கள் ஜூனில் பழைய பேப்பரோடு போட்டுவிட்டீர்களாமே.

“இதுவா? இத்தனை இருக்குது, இது எதுக்குடி?”

“இதுல பன்னெண்டாம் பாடம் வரைக்கும் எனக்குத் தெரியும் அத்தை.”

“தெரியுமா? அம்மாகிட்ட ஏன் சொல்லல?”

“அம்மா புதுசு புதுசா வாங்கறாங்க. தம்பிக்குப் போட்டுப் பாத்துட்டு எனக்குத் தரேன்னு சொல்வாங்க. எனக்கு வர்றதுக்குள்ள பெட்டி திரும்பிப் போயிடும்.”

உங்களைக் குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை அண்ணி. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அந்தப் பெட்டிகளை மாற்றி மாற்றி அனுப்பியவள் நானும்தானே.

முதலாளியின் ஸ்டூலில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன், மெதுவாகத்தான் படிக்கிறாள். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் ஒரு மூச்சு எடுக்கிறாள். நடுவில் இரண்டு பேர் வந்து காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் பன்னிரண்டாம் பாடத்தை முடித்தாள். பதின்மூன்றிலிருந்து ஆரம்பியுங்கள். தயவுசெய்து முதல் பக்கத்துக்குப் போகாதீர்கள்.

அன்புடன்,
பாப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் சுகம், நீ சுகமாக இரு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ தாண்டித் தாண்டிப் படிப்பாய். அதிகாரி வந்து போனார். பெரியவள் அடுத்த வருஷமும் வீட்டிலேயே தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரே பெஞ்சு இல்லை.

நீ சொன்னபடி பதின்மூன்றிலிருந்துதான் ஆரம்பித்தேன். அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியாது. அவள் மூச்சு எடுக்கிற இடத்தில் என்னால் பொறுக்க முடிவதில்லை. அடுத்த சொல்லை நானே சொல்லிவிடுவேன். அவள் உடனே புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, “நீங்களே படிங்க” என்பாள். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இரண்டு மாதமும் இதே கூத்துதான். அவள் ஒரு வரியைத் தனியாகப் படித்து முடித்ததை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான்தான் விடவில்லையே.

அதிகாரி என் வயதுக்காரி. வந்து உட்கார்ந்ததும் எந்தப் பாடத்தைக் கேட்கட்டும் என்று பெரியவளையே கேட்டார். அவள், “பத்தொம்பது. அது இன்னும் நான் படிச்சதில்ல, அம்மாவும் சொல்லித் தரல” என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. தெரிந்த பாடம் பதினெட்டு இருக்கும்போது இதற்கு ஏன் போகிறாள்? அங்கேயே இருந்தால் நான் கட்டாயம் வாயைத் திறந்துவிடுவேன் என்று தெரிந்தது. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். நீரேற்று நிலையத்துக் குழாய் எப்படி வரும் என்று உனக்குத் தெரியுமே, அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி அடுப்படி வாசலுக்கு வந்தார். முடிந்துபோயிற்று என்றுதான் நினைத்தேன்.

“அம்மா, குழாயைக் கொஞ்சம் மூடுங்க. பிள்ளை படிக்கிறது எனக்குக் கேக்கல” என்றார்.

மூடினேன். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். கூடத்திலிருந்து அவள் குரல் வந்தது. “கோழி” என்றாள். மூச்சு எடுத்தாள். “கூரை மேல்” என்றாள். அப்புறம் சத்தமே இல்லை. ஏறியது, ஏறியது என்று அந்தச் சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது பாப்பா. பாத்திரம் துடைக்கிற துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். அதிகாரியும் சொல்லை எடுத்துக்கொடுக்கவில்லை. அவள் இன்னொரு மூச்சு எடுத்தாள்.

“ஏறியது” என்றாள்.

இப்படிக்கு,
அண்ணி